விப்லாஷ் திரைப்படமும் ஜாஸ் கலைஞர்களின் எதிர்ப்பும்

விப்லாஷ் 2014ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். எழுதி இயக்கியவர் டேமியன் சசெல். நியூயார்க் நகரில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஷாஃபர் என்னும் இசைக் கல்லூரியில் டிரம்ஸ் பயிலும் ஆண்ட்ரூ நீமன் என்ற மாணவனையும், அவனை அடித்தும் அவமதித்தும் பழக்கும் டெரன்ஸ் ஃப்ளெட்சர் என்ற ஆசிரியரையும் பற்றிய கதை இது. மாணவனாக மைல்ஸ் டெல்லரும் ஆசிரியராக ஜே. கே. சிம்மன்சும் நடித்தனர். 2014 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, அவ்விழாவின் நடுவர் குழு பெரும் பரிசையும் பார்வையாளர் விருதையும் ஒருசேர வென்றது. 2015 பிப்ரவரியில் சிறந்த துணை நடிகர், படத்தொகுப்பு, ஒலிக்கலவை ஆகியவற்றுக்கான மூன்று ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

இத்தனை பாராட்டுக்கு நடுவே ஒரு தரப்பு மட்டும் படத்தைக் கடுமையாக எதிர்த்தது. படம் யாரைப் பற்றியதோ அவர்களே அந்தத் தரப்பினர். ஜாஸ் இசைக்கலைஞர்களும், ஜாஸ் வரலாறு அறிந்த விமர்சகர்களும், இசை கற்பிப்போரும் தத்தம் காரணங்களோடு படத்தை மறுத்தனர். கொடுமைக்கார ஆசிரியர் ஒருவரைத் திரையில் காட்டியது அவர்களுக்குக் குறையாகப் படவில்லை. அத்தகைய ஆசிரியர்களைப் பலரும் நேரில் கண்டவர்கள். அந்த ஆசிரியர் தன் கொடுமையை நியாயப்படுத்தச் சொல்லும் வரலாறு பொய்யானது என்பதே அவர்களுடைய மறுப்பின் மையம்.

கதைச் சுருக்கம்

ஆண்ட்ரூ முதலாமாண்டு மாணவன். கல்லூரியின் தலைசிறந்த குழுவான ஸ்டுடியோ பேண்டை நடத்துபவர் ஃப்ளெட்சர். அவர் ஆண்ட்ரூவைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்கிறார். முதல் நாள் ஒத்திகையின் இடைவேளையில் அன்பாகப் பேசி, அவனுடைய பெற்றோரைப் பற்றி விசாரிக்கிறார். சற்று நேரத்தில், காலப்பிரமாணம் பிசகியதாகச் சொல்லி நாற்காலியை அவன்மீது வீசுகிறார். ஓடுகிறாயா, இழுக்கிறாயா என்று கேட்டுக்கேட்டுக் கன்னத்தில் அறைகிறார். தாயைப் பற்றிச் சற்றுமுன் அவன் சொன்னதையே எடுத்து அத்தனை பேர் முன்னிலையில் அவனை அவமதிக்கிறார். பையன் கை கிழிந்து இரத்தம் சொட்டும்வரை பயிற்சி செய்கிறான். காதலியை விலக்குகிறான். கார் விபத்தில் அடிபட்டு இரத்தக் கோலத்தோடு மேடையேறி, வாசிக்க முடியாமல் போய் ஃப்ளெட்சர்மீது பாய்கிறான். கல்லூரி அவனை வெளியேற்றுகிறது.

ஃப்ளெட்சரின் பழைய மாணவன் ஷான் கேசி தற்கொலை செய்துகொண்டது இதற்குப் பிறகே தெரியவருகிறது. அவன் கார் விபத்தில் இறந்ததாக வகுப்பில் கண்ணீர் மல்கச் சொன்னவர் இதே ஃப்ளெட்சர். ஆண்ட்ரூ பெயர் வெளியிடாமல் சாட்சி சொல்ல, ஃப்ளெட்சர் வேலை இழக்கிறார். பின்னர் ஒரு மதுக்கூடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். தன் குழுவில் வாசிக்க வரும்படி அழைக்கும் ஃப்ளெட்சர், மேடையில் வேறொரு பாட்டைத் தொடங்கி அவனை ஊரறிய அவமானப்படுத்துகிறார். எழுந்து போகும் ஆண்ட்ரூ திரும்பி வந்து, அவர் அனுமதியில்லாமலே நீண்ட தனி ஆவர்த்தனம் வாசிக்கிறான். ஃப்ளெட்சர் மெல்ல அதில் கலந்துகொள்கிறார். அத்துடன் படம் முடிகிறது.

உருவான விதம்

சசெல் 1985இல் பிறந்தவர். நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அந்தக் குழுவை நடத்திய ஆசிரியரிடம் தாம் கொண்டிருந்த அச்சமே கதைக்கு வித்து என்றும், ஃப்ளெட்சரின் குணத்தை அதிலிருந்து வெகுவாகப் பெருக்கி எழுதியதாகவும் பேட்டிகளில் கூறியிருக்கிறார். பணம் திரட்டுவதற்காகத் திரைக்கதையின் ஒரு பகுதி முதலில் குறும்படமாக எடுக்கப்பட்டது. அது 2013 சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது. முழுநீளப் படம் சுமார் 33 இலட்சம் டாலர் செலவில் 19 நாட்களில் எடுக்கப்பட்டது.

படத்தின் பெயர் ஹேங்க் லெவி எழுதிய ஓர் இசைப்படைப்பின் பெயர். டான் எல்லிஸ் குழு 1973இல் வெளியிட்ட சோரிங் என்னும் இசைத்தட்டில் அது இடம்பெற்றது. ஏழு எண்ணிக்கைக் கணக்கில் அமைந்த சிக்கலான படைப்பு. மிஸ்ரசாபு கேட்டுப் பழகிய நம் காதுக்கு அந்த ஏழு அவ்வளவு அந்நியமாக இருக்காது என்றாலும், நான்கிலேயே ஊறிய ஜாஸ் மாணவர்களுக்கு அது கடினம். லெவி மேரிலாந்தின் டவுசன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஜாஸ் குழுவைப் பயிற்றுவித்த ஆசிரியர். 2001இல் காலமானார்.

இசைக்கலைஞர்கள் சொன்னவை

2014 அக்டோபரில் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த சில நாட்களிலேயே எதிர்ப்பு எழுத்தில் வரத் தொடங்கியது. நியூயார்க்கர் இதழின் திரைப்பட விமர்சகர் ரிச்சர்ட் பிராடி எழுதிய கட்டுரை அவற்றுள் மிகவும் பேசப்பட்டது. ஜாஸையும் சினிமாவையும் இரண்டையும் இப்படம் மதிக்கவில்லை என்பது அவருடைய முடிவு. ஆண்ட்ரூ சக மாணவர்களோடு சேர்ந்து மகிழ்ச்சிக்காக வாசிப்பதாக ஒரு காட்சிகூட இல்லை, சிறிய குழு ஒன்றை அமைத்துக்கொள்ளவில்லை, இசையைப் பற்றி யாருடனும் பேசுவதில்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். ஜாஸ் மாணவனின் வாழ்க்கை பெரும்பாலும் இவற்றால் ஆனது. வகுப்பு முடிந்ததும் நான்கு பேர் ஓர் அறையில் கூடி விடியும்வரை வாசிப்பார்கள். படத்தில் அந்த அறையே இல்லை.

புகழ்பெற்ற டிரம்ஸ் கலைஞர் பீட்டர் எர்ஸ்கின் சொன்னதும் இதை ஒட்டியதே. பதினெட்டு வயதில் ஸ்டான் கென்டன் குழுவில் சேர்ந்து, பின்னர் வெதர் ரிப்போர்ட் குழுவில் வாசித்து, பல்கலைக்கழகத்தில் கற்பித்தும் வந்தவர் அவர். இசை வாசிப்பதில் உள்ள மகிழ்ச்சி படத்தில் எங்குமே தென்படவில்லை என்பது அவருடைய ஏமாற்றம்.

டிரம்ஸ் வாசிப்போர் பலரும் இரத்தத்தைப் பற்றிப் பேசினர். விரல் கிழிந்து தோல்மீதும் சிம்பல்மீதும் இரத்தம் தெறிப்பதைப் படம் உழைப்பின் அடையாளமாகக் காட்டுகிறது. குச்சியைத் தவறாக, இறுக்கிப் பிடிப்பதன் அடையாளம் அது என்பது தொழில் தெரிந்தவர்களின் கருத்து. அதிவேகமாக வாசிக்க வேண்டுமானால் கை தளர்வாக இருக்க வேண்டும். குச்சி துள்ளித் திரும்புவதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இரத்தம் வரும்படி வாசிக்கும் மாணவனை நிறுத்தச் சொல்லி, பிடியைத் திருத்துவதுதான் ஆசிரியரின் வேலை. ஃப்ளெட்சர் படம் முழுவதும் ஒருமுறைகூட யாருடைய கையையும் பார்த்து, மணிக்கட்டை இப்படி வை என்று சொல்வதில்லை. கவனித்தால் திகைப்பாக இருக்கும்: ஆசிரியர் என்று பெயர்பெற்ற இந்த மனிதர் 106 நிமிடப் படத்தில் எதையுமே கற்றுக்கொடுப்பதில்லை. பிழையைச் சுட்டுகிறார், தண்டிக்கிறார், ஆளை மாற்றுகிறார். பிழை எப்படி நேர்ந்தது, எப்படி நீங்கும் என்பது அவர் வாயிலிருந்து வருவதே இல்லை.

வேகமே திறமை என்று காட்டியதும் குறையாகச் சொல்லப்பட்டது. ஜாஸில் டிரம்ஸ் வாசிப்பவரின் முதற்கடமை மற்றவர்களைக் கேட்பது. பாடகருக்கோ வயலினுக்கோ மிருதங்கம் வாசிப்பவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுதான். ஆண்ட்ரூ யாரையும் கேட்பதாகப் படத்தில் காட்டப்படவில்லை. கற்பனையாகத் தானே இசையை விரிப்பது ஜாஸின் உயிர்நிலை. அதற்கும் இறுதிக் காட்சிவரை இடமில்லை.

சிம்பல் கதை

எதிர்ப்பின் மையமாக அமைந்தது ஃப்ளெட்சர் இருமுறை சொல்லும் ஒரு கதை. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் இளைஞராக இருந்தபோது ஒரு மேடையில் பிசகினார், டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி அவர் தலையை நோக்கி வீசினார், கூட்டம் சிரித்தது, அழுதுகொண்டே தூங்கிய பார்க்கர் மறுநாளிலிருந்து பயிற்சி செய்து, ஓராண்டில் திரும்பி வந்து உலகம் இதுவரை கேளாத இசையை வாசித்தார். ஜோன்ஸ் அன்று பரவாயில்லை, நன்றாகத்தான் வாசித்தாய் என்று சொல்லியிருந்தால் பார்க்கர் என்றொருவர் இருந்திருக்க மாட்டார் என்பது ஃப்ளெட்சரின் வாதம். அவருடைய ஒவ்வோர் அறைக்கும் வசைக்கும் இந்தக் கதைதான் அடைக்கலம்.

நடந்தது வேறு. 1930களில் மிசௌரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டி, விடிய விடிய மதுக்கூடங்கள் திறந்திருந்த ஊர். அங்கு இசைக்கலைஞர்கள் தொழில் முடிந்த பின் ஒன்றுகூடி, வந்தவர் போனவரெல்லாம் மேடையேறித் திறமை காட்டும் கூட்டு வாசிப்புகள் நடக்கும். ஜாஸின் பள்ளிக்கூடம் அப்போது அதுதான். பன்னிரண்டாம் தெருவில் இருந்த ரெனோ கிளப்பில் கவுண்ட் பேசியின் குழு வாசித்து வந்தது. அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ். 1920 ஆகஸ்ட் 29 அன்று பிறந்த பார்க்கருக்கு 1936 வசந்தத்தில் வயது பதினைந்துதான். அப்படியொரு கூட்டு வாசிப்பில் மேடையேறிய அவர் பாட்டின் நடுவே வழி தவறினார்.

அன்று அருகில் இருந்தவர் பாஸ் வாத்தியக் கலைஞர் ஜீன் ராமி. அவர் பின்னாளில் சொன்னதன்படி, ஜோன்ஸ் முதலில் சிம்பலின் குமிழில் டிங் என்று தட்டினார். அக்காலத்தில் வானொலியில் மேஜர் போவ்ஸ் நடத்திய புதுமுகப் போட்டி நாடெங்கும் பிரபலம். அதில் தேறாதவர்களை மணியடித்து அனுப்பிவிடுவார்கள். ஜோன்ஸ் அந்த மணியை நினைவூட்டினார். பையனுக்கு உறைக்கவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தான். இறுதியில் ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றித் தரையில் போட்டார். அது பெருஞ்சத்தத்தோடு விழுந்தது. எல்லோரும் சிரித்தனர். அவமானம்தான், ஐயமில்லை. ஆனால் தலைக்குக் குறிவைத்த ஆயுதம் அல்ல, தரையில் விழுந்த ஒரு சத்தம்.

இந்தச் சத்தம் திரையில் வளர்ந்த கதை தனியே சொல்லத்தக்கது. கிளின்ட் ஈஸ்ட்வுட் 1988இல் பார்க்கரின் வாழ்க்கையை பேர்ட் என்ற பெயரில் படமாக்கினார். ஃபாரஸ்ட் விட்டேக்கர் நடித்த அப்படத்தில், காற்றில் சுழன்று வரும் சிம்பல் ஒரு கெட்ட கனவுபோல மீண்டும் மீண்டும் வருகிறது. அங்கே அது பார்க்கரின் மனத்தில் பதிந்த வடுவின் உருவகம். விப்லாஷில் அதே சிம்பல் தலையைக் கொய்திருக்கக்கூடிய எறிபொருளாகி, வடுவாக இருந்தது மருந்தாகவும் மாறிவிட்டது. பிராடி இந்தத் திரிபைச் சுட்டினார். ஸ்லேட் இதழில் ஃபாரஸ்ட் விக்மன் இதைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்.

ஃப்ளெட்சர் கதையைத் திரித்தார் என்பது பாத்திரத்தின் குணமாக இருக்கலாமே, இயக்குநர் மேல் என்ன பிழை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் படத்தில் யாரும் அக்கதையை மறுப்பதில்லை. ஜாஸ் வரலாறு படித்த ஆண்ட்ரூவும் தலையாட்டிக் கேட்கிறான். திரையரங்கிலிருந்து வெளியே வருபவர் அதை வரலாறாகவே எடுத்துச் செல்கிறார். கலைஞர்களின் கோபம் அங்கேதான்.

பார்க்கர் எப்படிக் கற்றார்

ஃப்ளெட்சரின் கதையில் சிம்பலுக்கும் மேதைமைக்கும் நடுவே பயிற்சி என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. அந்த இடைவெளியில் நடந்தவற்றில் பெரும்பகுதி பதிவாகியுள்ளது. அவற்றைப் பார்த்தால் ஃப்ளெட்சரின் வாதம் நிற்பதில்லை.

முதலாவது, பார்க்கர் சிரிப்புக்கு ஆளானது ரெனோ கிளப்பில் மட்டுமல்ல. வேறொரு கூட்டு வாசிப்பில், தெரிந்த இரண்டு பாட்டுகளை வைத்துக்கொண்டு மேடையேறி, பாடி அண்ட் சோல் என்ற பாட்டில் இரட்டிப்பு வேகத்துக்குப் போக முயன்று மாட்டிக்கொண்டதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய் அழுதார். அதன் பிறகு மூன்று மாதம் வாத்தியத்தையே தொடவில்லை. அவமானம் அந்தப் பையனிடம் முதலில் உண்டாக்கியது மௌனத்தை. மூன்று மாதத்துக்குப் பின் அவர் திரும்பி வந்தார். வராமலே போன பையன்கள் எத்தனை பேர் என்பதை எந்த ஜாஸ் வரலாறும் எழுதியதில்லை, எழுதவும் முடியாது.

இரண்டாவது, 1937 கோடையில் ஜார்ஜ் ஈ. லீ குழுவோடு பார்க்கர் ஓசார்க் மலைப்பகுதி விடுதிகளில் வாசிக்கச் சென்றார். ஊர் இரைச்சல் இல்லாத இடம். மாலையில் தொழில், பகல் முழுதும் ஓய்வு. அங்கே அவருக்கு ஆசிரியர்கள் கிடைத்தனர். பியானோ வாசித்த கேரி பவலும் கிட்டார் வாசித்த எஃபர்ஜ் வேரும் சுர அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிறக்கின்றன, ஒரு பாட்டின் அடியிலுள்ள போக்கு எப்படி வேறொரு பாட்டுக்குப் போகும் என்பதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ரெனோ கிளப்பில் பார்க்கர் வழி தவறியது இதைத் தெரியாததால்தான். அவரிடம் குறைந்திருந்தது உழைப்போ ஊக்கமோ அன்று. யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

மூன்றாவது, மலைக்குப் போகும்போது அவர் கவுண்ட் பேசி குழுவின் இசைத்தட்டுகளை எடுத்துச் சென்றார். லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் வாசிப்பை அவற்றிலிருந்து சுரம் சுரமாகப் பாடம் செய்தார். அந்த இசைத்தட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர் ஜோ ஜோன்ஸ். காலத்தைப் பெரிய டிரம்மில் முழக்காமல், காலால் மிதிக்கும் இரட்டைச் சிம்பலுக்கு மாற்றி, ஜாஸின் நடையையே இலேசாக்கியவர் என்று போற்றப்படுபவர் அவர். ஆகவே அந்தக் கோடையில் பார்க்கர் நாள் முழுவதும் ஜோன்சின் சிம்பலைக் கேட்டுக்கொண்டுதான் கற்றார். ஜோன்ஸ் அவருக்குக் கொடுத்தது என்ன என்று கேட்டால், தரையில் போட்ட சிம்பலைவிட இசைத்தட்டில் ஒலித்த சிம்பலைச் சொல்வதே பொருத்தம். ஃப்ளெட்சரின் கதையில் இதற்கு இடமில்லை.

ஊர் திரும்பியபின் பஸ்டர் ஸ்மித் என்ற மூத்த சாக்ஸபோன் கலைஞரின் குழுவில் பார்க்கர் சேர்ந்தார். ஸ்மித்தைச் சக கலைஞர்கள் புரொஃபசர் என்று அழைப்பார்கள். பார்க்கரின் தொடக்ககால நடையில் அவருடைய சாயல் உண்டு. சிம்பல் விழுந்ததைப் பார்த்த ஜீன் ராமியும் பார்க்கரின் நெருங்கிய தோழராகி, பின்னர் ஜே மெக்ஷான் குழுவில் அவரோடு சேர்ந்து வாசித்தார்.

பார்க்கர் கடுமையாக உழைத்ததை யாரும் மறுக்கவில்லை. 1954இல் பால் டெஸ்மண்டோடு நடந்த வானொலி உரையாடலில், மூன்று நான்கு ஆண்டுகள் நாளொன்றுக்குப் பதினொன்று முதல் பதினைந்து மணி நேரம் பயிற்சி செய்ததாகச் சொல்கிறார். அந்தச் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வீட்டைக் காலி செய்யும்படி தம் அம்மாவிடம் கேட்டதையும் சிரித்தபடி சொல்கிறார். அந்த அம்மா பையனையும் அனுப்பவில்லை, வாத்தியத்தையும் பிடுங்கவில்லை என்பது இங்கே குறிக்கத்தக்கது.

பட்டி ரிச்

ஆண்ட்ரூவின் ஆதர்சம் பட்டி ரிச். அறைச் சுவரில் அவர் படம். 1917இல் பிறந்து 1987இல் மறைந்த ரிச், வேகத்துக்கும் துல்லியத்துக்கும் பெயர்பெற்றவர். முன்கோபத்துக்கும் பெயர்பெற்றவர். கச்சேரி முடிந்து பேருந்தில் ஏறியதும் தம் குழுவினரை அவர் வசை பாடியதைக் குழுவில் ஒருவர் இரகசியமாக ஒலிப்பதிவு செய்தார். அந்த ஒலிநாடாக்கள் இசைக்கலைஞர்களிடையே கைமாறிக்கொண்டே இருந்தன. ஃப்ளெட்சரின் பேச்சில் அவற்றின் எதிரொலி உண்டு.

பிராடி போன்றோர் ரிச்சை ஒரு ஜாஸ் மாணவனின் உச்ச இலக்காக வைத்ததையே கேலி செய்தனர். இது சற்று மிகையான தீர்ப்பு. ரிச்சின் திறமையைச் சக டிரம்ஸ் கலைஞர்களே வியந்து பேசியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ரிச் திட்டியது சம்பளம் வாங்கும் பெரியவர்களை. பிடிக்காதவர்கள் மறுநாள் விலகிப் போகலாம், போகவும் செய்தார்கள். பத்தொன்பது வயது மாணவனுக்கு அந்த வசதி இல்லை. அவனுடைய எதிர்காலம் அந்த ஒரு மனிதரின் கையில் இருக்கிறது. இன்னொன்று, ரிச் யாரிடமும் முறையாகப் பாடம் கேட்டவர் அல்லர். பெற்றோரின் மேடை நிகழ்ச்சியில் கைக்குழந்தையாக அறிமுகமாகி, வாசித்து வாசித்தே வளர்ந்தவர். ஃப்ளெட்சரைப் போன்ற ஆசிரியர் ஒருவருக்கு அவர் வாழ்க்கையில் இடமே இருக்கவில்லை.

கோபக்கார இசைத்தலைவர்கள் ஜாஸில் மட்டும் இருந்தவர்களும் அல்லர். மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ஆர்ட்டுரோ டாஸ்கனினி ஒத்திகையில் கத்திய கத்தல்களின் ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. பெரிய கலைஞர்கள் சிலர் கொடியவர்களாக இருந்தார்கள். அதனால் கொடுமைதான் அவர்களைப் பெரியவர்களாக்கியது என்று முடிவு செய்வது, குடித்த கவிஞர்களைப் பார்த்துக் குடியால் கவிதை வந்தது என்பதைப் போன்றது. இதையும் படத்தில் ஆண்ட்ரூ ஏறத்தாழச் சொல்லிவிடுகிறான். உணவு மேசையில், தொண்ணூறு வயதுவரை யாரும் அறியாமல் வாழ்வதைவிட முப்பத்துநான்கு வயதில் குடித்துக் காசில்லாமல் செத்து ஊர் பேசும்படி இருப்பதே மேல் என்கிறான். பார்க்கர் 1955 மார்ச் 12 அன்று முப்பத்துநான்கு வயதில் இறந்தார். உடலைப் பார்த்த மருத்துவர் அவருக்கு ஐம்பதிலிருந்து அறுபது வயது இருக்கும் என்று மதிப்பிட்டார். போதைப் பழக்கம் அந்த உடலை அப்படி ஆக்கியிருந்தது.

இறுதிக் காட்சி பற்றிய கருத்து வேறுபாடு

படத்தை எதிர்த்தவர்களில் இன்னொரு வகையினர் உண்டு. அவர்கள் ஜாஸ் வரலாற்றைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அல்லர். இத்தகைய ஆசிரியரிடம் பயின்று, வாத்தியத்தை விட்டவர்கள். நடனம், விளையாட்டு, நாடகம் என வேறு துறையிலிருந்து வந்தவர்களும் இவர்களில் உண்டு. அவர்களை உறுத்தியது இறுதிக் காட்சி. ஒன்பது நிமிடம் நீளும் அந்த வாசிப்பைப் பார்க்கும் எவருக்கும் உடம்பு சிலிர்க்கும். டாம் கிராசின் படத்தொகுப்பு அப்படி. சிலிர்த்து முடித்ததும், அப்படியானால் ஃப்ளெட்சர் செய்தது சரிதானா என்ற கேள்வி வருகிறது. இருவர் முகத்திலும் தோன்றும் சிரிப்பு ஆம் என்று சொல்வதாக அவர்களுக்குப் பட்டது. ஷான் கேசியைப் பற்றி அதன் பிறகு படம் ஒரு சொல்லும் பேசவில்லை.

மறுபக்கம், ஃப்ளெட்சரை ஏற்றுக்கொண்ட பார்வையாளர்களும் ஏராளம். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று சொல்லிப் பழகிய நமக்கு ஃப்ளெட்சரின் வாதம் புதிதன்று. அடியாத மாடு படியாது என்பதும் நம் பழமொழியே. அவற்றை மேற்கோள் காட்டி அடித்தவர்களிடம் கற்றுத் தேறியவர்கள், தாம் தேறியதற்கு அந்த அடியே காரணம் என்று நம்புவது எளிது. வேறு விதமாகக் கற்றிருந்தால் என்னவாகியிருப்போம் என்று பார்க்க அவர்களுக்கு வழியில்லை. அமெரிக்கப் பார்வையாளரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. விளையாட்டுப் பயிற்சியாளர் கத்திக் கத்தி வீரனை உருவாக்கும் படங்களை அவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வந்தவர்கள். விப்லாஷின் கதையமைப்பும் இசைப்படத்தைவிட அவற்றுக்கே நெருக்கமானது.

வியப்பான செய்தி, இயக்குநர் அவர்களோடு உடன்படவில்லை என்பது. படம் முடிந்தபின் இருவருக்கும் என்னவாகும் என்று கேட்கப்பட்டபோது, ஃப்ளெட்சர் தாம் வென்றதாகவே எப்போதும் நினைப்பார் என்றும், ஆண்ட்ரூ உள்ளீடற்ற மனிதனாகி முப்பதுகளிலேயே போதையால் இறந்துபோவான் என்றும் தாம் கருதுவதாக சசெல் சொன்னார். படத்தின் உள்ளேயும் இதற்குச் சான்றுகள் உள்ளன. மதுக்கூடத்தில் ஃப்ளெட்சர் தனக்கு ஒரு சார்லி பார்க்கர் கிடைக்கவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். அத்தனை ஆண்டு அறைந்தும் வைதும், அவர் சொல்லும் அளவுகோலின்படியே, அவருடைய முறை ஒருமுறைகூடப் பலிக்கவில்லை. இந்த வாக்கியம் அங்கே சோகமாகச் சொல்லப்படுவதால் பலர் காதில் விழாமல் போகிறது.

இயக்குநரின் கருத்து எதுவாக இருந்தாலும், திரையில் இருப்பதை வைத்துத்தானே பேச முடியும் என்றனர் எதிர்ப்பாளர்கள். கறுப்பின மக்கள் உருவாக்கிய இசையைப் பற்றிய படத்தில் முதன்மைப் பாத்திரங்கள் இருவரும் வெள்ளையர் என்பதும், பெண் வாத்தியக் கலைஞர் என்று தோன்றும் ஒருத்தியும் ஃப்ளெட்சரின் ஏளனத்துக்கு ஆளாவதற்காகவே வருகிறாள் என்பதும் அவர்கள் கூடுதலாகச் சொன்ன குறைகள். இவற்றில் முதலாவது, சசெல் 2016இல் எடுத்த லா லா லேண்ட் படத்துக்கும் எதிராக மீண்டும் எழுந்தது.

படத்தை ஆதரித்தும் எதிர்த்தும் பேசியவர்கள் இருவருமே சுட்டும் ஒரு காட்சி உண்டு. ஆண்ட்ரூவின் தந்தை ஜிம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். எழுத்தாளராக வேண்டுமென நினைத்து ஆகாதவர். பால் ரைசர் நடித்த இந்தப் பாத்திரம் படத்தில் எவரையும் கடிந்து பேசுவதில்லை. அவமானப்பட்டு மேடையைவிட்டு வரும் மகனை அவர் கட்டியணைக்கிறார், வீட்டுக்குப் போகலாம் என்கிறார். மகன் அவரை விட்டுவிட்டு மேடைக்குத் திரும்புகிறான். அவன் வாசிப்பதை மேடையோரக் கதவின் இடுக்கு வழியாக ஜிம் பார்க்கிறார். அந்த முகத்தில் இருப்பது பெருமிதம் என்பார்கள் சிலர், பயம் என்பார்கள் சிலர். சில நொடிகள்தான், பிறகு காமிரா டிரம்சுக்குத் திரும்பிவிடுகிறது.